இருபதாம் தேதி ஜுரம்

அவர் வந்தது தூக்கத்துக்காக. ஆம்பூர் பக்கம் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். காலணியின் மேற்பகுதியை, தொழிலில் 'அப்பர்' என்பார்கள், ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கும் வேலை. இருபத்தாறு இயந்திரங்கள், பெரும்பாலும் பெண்கள். மூன்று மாதமாக இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, பிறகு விடியும்வரை ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார் என்று மனைவிதான் சொன்னார். "தொழிலில் ஒன்றும் குறையில்லை மேடம், தூக்கம் மட்டும் வந்தால் போதும்" என்றார் அவர்.

(அவரையும் கீழே வரும் மற்றவர்களையும் அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். சில இடங்களில் இரண்டு மூன்று பேர் கதையை ஒருவர் மேல் ஏற்றியிருக்கிறேன்.)

வேலூரில் உளவியல் ஆலோசகராக உட்கார்ந்திருக்கும் என்னிடம் தொழில் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு யாரும் வருவதில்லை. தூக்கம், ரத்த அழுத்தம், வீட்டுச் சண்டை, பையன் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்றுதான் வருகிறார்கள். கணக்கை ஆடிட்டரிடம் சொல்கிறார்கள், தூக்கத்தை என்னிடம் சொல்கிறார்கள். நானும் அந்த ஆடிட்டரும் ஒரு நாள் டீ குடித்துக்கொண்டு பேசினால் பாதி கதை விளங்கிவிடும். தொழில் தர்மம் அதற்கு இடம் கொடுக்காது.

பெரிய நிறுவனத்தில் முதலாளிக்குக் காலையில் தலைவலி என்றால் அது கணக்குப் பிரிவுக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு அறை தாண்ட வேண்டும். இருபது பேர் வேலை செய்யும் பட்டறையில் தாண்டுவதற்கு அறையே கிடையாது. முதலாளியின் மனநிலைதான் அங்கே வசூல் பிரிவு, ஆள் எடுக்கும் பிரிவு, விலை நிர்ணயிக்கும் பிரிவு எல்லாம்.

நிறுவனங்கள் அவருக்குத் தர வேண்டியதை எழுதிவைக்கும் பாக்கி நோட்டை எடுத்துவரச் சொன்னேன். அடுத்த வாரம் மறந்துவிட்டது. அதற்கடுத்த வாரம் நோட்டு மைத்துனர் வீட்டில் இருந்தது. மூன்றாம் வாரம் வந்தார்: நோட்டு பையில், பை மடியில், இரண்டு கையும் பையின் மேல். ஏழு மாதமாகக் கூட்டிப் பார்க்கவே இல்லை. எவ்வளவு இருக்கும் என்று கேட்டதற்கு எட்டு லட்சம் என்றார். இருவரும் உட்கார்ந்து கூட்டினோம், பதின்மூன்று லட்சத்துச் சொச்சம் வந்தது. அன்று இரவு அவர் நான்கு மணிவரை தூங்கினாராம். பாக்கியும் கூடி, தூக்கமும் கூடியதைக் கேட்டு எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான். அத்தனை நாளும் அவரை எழுப்பியது தொகை இல்லை, தொகை தெரியாமல் இருந்ததுதான்.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. சிறுதொழில்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, எழுத்து மூலம் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தந்தாக வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூடும் கூட்டு வட்டி. 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த வருமான வரி மாற்றமும் இதோடு சேர்ந்துகொண்டது: கெடு தாண்டிய பாக்கியைக் கொடுத்துத் தீர்க்கும்வரை, வாங்கிய நிறுவனம் அதைத் தன் செலவாகக் கழிக்க முடியாது. நான் இதை ஏதோ புதையல் போல எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தெரியும் மேடம், ஆடிட்டர் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்" என்றார். அந்தத் தாளும் அதே பையில்தான் இருந்தது, மடித்தபடி.

ஆக, அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. பிறகு ஏன் போனை எடுத்து ஒரு வார்த்தை கேட்க முடியவில்லை?

பதில் வர ஐந்தாறு சந்திப்புகள் ஆயின. அவருடைய அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் கூலி. மூத்த அக்காள் கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கியிருந்தார். தவணை தவறிய மாதங்களில் கடன் கொடுத்தவர் விடிந்ததும் வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். திட்ட மாட்டார், அடிக்க மாட்டார். தெருவுக்கே கேட்கும்படி அப்பாவின் பெயரைச் சொல்லி நலம் விசாரிப்பார், அவ்வளவுதான். அப்பா பின்பக்கமாக வேலைக்குப் போவார். அப்போது இவருக்கு ஒன்பது வயது.

பணம் கேட்பது என்றாலே இவருக்குள் அந்தத் திண்ணைதான் எழுந்து வருகிறது. நான் நினைத்திருந்தது வேறு; கேட்பதைக் கையேந்துவதாக நினைத்துக் கூசுகிறார் போலும் என்று. இல்லை. அந்த ஆளாகத் தானும் ஆகிவிடக் கூடாது என்பதுதான் அவருடைய பயம். அதனால் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்காளரிடம் பேசும்போது, தனக்கு வர வேண்டிய பணத்துக்கு, "அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறேன் சார், கொஞ்சம் பார்த்துக் கொடுங்கள்" என்பார். வேலூரில் இந்தப் பொய்யை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள். தன் கூலியைக் கேட்க ஒரு மனிதர் தன் தாயை எத்தனை முறை படுக்கையில் போட வேண்டியிருக்கிறது!

ஒத்திகை பார்த்தோம். நான் கணக்காளர், அவர் அவரேதான். முதல் தடவை கெஞ்சினார். இரண்டாம் தடவை கத்தினார், வெளியே காத்திருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கெஞ்சலுக்கும் கத்தலுக்கும் நடுவில் அவரிடம் குரலே இல்லை. நாலைந்து வாரம் கழித்து அது வந்தது: "சார், பில் எண் இது, தேதி இது, இன்றோடு 62 நாள் ஆகிறது. எந்தத் தேதியில் அனுப்புவீர்கள்?" இதைச் சொல்வது கூடப் பெரிதில்லை. சொல்லிவிட்டு, எதிர்முனையில் பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அவருக்கு மலையாக இருந்தது. அந்த நாலு விநாடி மௌனத்தில், "பரவாயில்லை சார், உங்கள் சௌகரியப்படி" என்று அவரே போய் விழுந்துவிடுவார். மௌனத்தைத் தனியாகப் பழகினோம். கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்துக்கொண்டு.

இனி ஜுரத்துக்கு வருகிறேன். பட்டறையில் வருகைப் பதிவேடு எழுதுவது அவர் மனைவி. அவர்தான் கவனித்துச் சொன்னார்: ஒவ்வொரு மாதமும் 18, 19, 20 தேதிகளில் ஆள் வரத்து குறைகிறது. பெண்களிடம் விசாரித்தால் தலைவலி, விசேஷம், பிள்ளைக்கு உடம்பு சரியில்லை. கடைசியில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாளாம், "அண்ணாவுக்கு இருபதாம் தேதி ஜுரம் வரும் அக்கா, அதுதான்" என்று.

மாதா மாதம் ஜி.எஸ்.டி. படிவம் தாக்கல் செய்பவர்கள் அடுத்த மாதம் 20ஆம் தேதிக்குள் வரியைக் கட்டியாக வேண்டும். பில் போட்டாயிற்றென்றால் பணம் கைக்கு வந்ததோ இல்லையோ, வரி அவர் பையிலிருந்துதான் போகும். வராத பணத்துக்கு வரி கட்டும் அந்த மூன்று நாளும் அவர் பட்டறை நடுவில் நின்று கத்துவார். நூல் பிசகினால் கத்தல், ஒட்டுப்பசை சிந்தினால் கத்தல், யாராவது தண்ணீர் குடிக்க எழுந்தால் கத்தல். பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி. பெண்கள் வராமல் போனால் சரக்கு தாமதம், சரக்கு தாமதமானால் பில் தாமதம், அடுத்த மாதம் ஜுரம் இன்னும் கொஞ்சம் கூடும். இரண்டு நல்ல தையற்காரிகள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். அந்த இடத்துக்கு வந்த புதியவர்களுக்குக் கை பழகும்வரை, தையல் சரியில்லை என்று திரும்பி வந்த ஜோடிகளின் நஷ்டம் எந்தக் கணக்கிலும் 'கோபம்' என்ற தலைப்பில் எழுதப்படவில்லை.

இதை நான் அவரிடம் சொன்ன நாள் நினைவிருக்கிறது. தொலைபேசியில் யாராக ஆகிவிடக் கூடாது என்று பயந்தாரோ, அவராகத்தான் பட்டறைக்குள் நிற்கிறார் என்று சொன்னேன். வெகுநேரம் பேசவில்லை. அப்படிப் பட்டென்று சொல்லியிருக்கக் கூடாதோ என்று எனக்கு இன்றுவரை சந்தேகம் உண்டு.

அதன்பிறகு அவர் செய்தது பெரிய ஞானமெல்லாம் இல்லை. 18 முதல் 20 வரை மதியம்வரை பட்டறைக்குள் போவதில்லை. மேற்பார்வை பார்க்கும் அக்காள் பார்த்துக்கொள்கிறார். வெள்ளிக்கிழமை காலை, இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் முன் அரை மணி நேரம், மனைவி பக்கத்தில் இருக்க, பாக்கி நோட்டைத் திறக்கிறார். இரவில் திறப்பதில்லை, இரவில் எல்லாத் தொகையும் பெரிதாகத்தான் தெரியும். போன் செய்யும் முன் மனதில் என்ன ஓடுகிறது என்று நோட்டின் ஓரத்தில் ஒரு வரி எழுதுகிறார். 'எரிச்சல்', 'பயம்', 'அந்த ஆள்'. உணர்ச்சிக்குப் பெயர் வைத்துவிட்டால் அதன் வேகம் சற்றுத் தணியும் என்பது எங்கள் துறையில் ஆய்வு செய்து பார்த்த விஷயம். பெண்களிடம் மன்னிப்புக் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. ஒரு 20ஆம் தேதி எல்லோருக்கும் டீயும் போண்டாவும் வரவழைத்தார். இருப்பதிலேயே மூத்த அம்மாள் போண்டாவைப் பிட்டுக்கொண்டே கேட்டாராம், "இன்றைக்குத் தேதி இருபதுதானே தம்பி?"

பாக்கி வைத்திருந்த மூன்று நிறுவனங்களில் ஒன்று இரண்டு தவணையில் தீர்த்தது. ஒன்று இன்னும் தேதி சொல்லித் தேதி தவறுகிறது. ஒன்று, கேட்டதற்காகவே, இரண்டு மாதம் ஆர்டர் தராமல் நிறுத்தியது. கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் நியாயம் இருக்கிறது. மனதைச் சரிசெய்தால் எல்லாம் கைகூடும் என்று நான் சொல்லத் தயாராக இல்லை.

அப்படிச் சொல்பவர்கள் ஊரில் நிறைய. ஓட்டல் அரங்கில் இரண்டு நாள் பயிற்சி, ஆயிரக்கணக்கில் கட்டணம், எழுந்து நின்று கைதட்டல், நெருப்பு மேல் நடை. திங்கட்கிழமை கடை திறக்கும்போது அதே ஆள், அதே கல்லா. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் வந்தபோது கரையோரம் இருந்தவர்களுக்கு மூச்சுப்பயிற்சி தேவைப்படவில்லை, மேட்டு நிலம்தான் தேவைப்பட்டது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை 50 சதவீதம் ஆக்கியபோது, நம் தோல் தொழில் பட்ட பாட்டுக்கு யாருடைய மனக் காயமும் காரணம் இல்லை. வெளியிலிருந்து வருவது வெளியிலிருந்துதான் வருகிறது. அது வந்த அன்று, அவசரத்தில் நாலு பேரை வேலையை விட்டு நிறுத்துவதா, ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பதா என்று முடிவெடுக்கும் மனம் மட்டும்தான் நம் கையில்.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைப் பக்கம் லாட்ஜ் நடத்தும் ஒருவர் இதற்கு நேர் எதிர். 2020இல் ரயில்கள் நின்று, வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகள் வராமல், சாவிகள் அத்தனையும் ஆணியில் தொங்கியதைப் பார்த்தவர். ஊரடங்கு போய்விட்டது, அவருக்குள் போகவில்லை. சாவி நாலு தொங்கினாலே வாடகையைக் குறைத்துவிடுகிறார், வெள்ளையடிக்கவும் பயம். ஆரணியில் பட்டுத் தறி வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவர், கல்லாவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, வேலைக்காரப் பையன் மூலமாகப் பேசிக்கொள்கிறார்கள். இவர்களைப் பற்றி இன்னொரு நாள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போட முடியாது. தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, பசியின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, குடி கூடிக்கொண்டே போனாலோ, செத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்துபோனாலோ, அது நோட்டுப் புத்தகத்தில் தீரும் விஷயம் இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸின் இலவச எண் 14416. இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். கடன்காரர் கந்துவட்டி கேட்டு மிரட்டுகிறார் என்றால் அது உங்கள் மனப்பிரச்சினை அல்ல, குற்றம். 2003ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அதற்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. குடும்பத்தை இதில் சேர்க்கலாமா என்று தயங்குபவர்களுக்கு: பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையத்தில் நோயாளியோடு வீட்டாரும் உடன் தங்குவது பல பத்தாண்டுகளாக உள்ள வழக்கம். இந்த ஊருக்கு அது புதிதில்லை.

கடைசியாக என் பங்குக்கு ஒன்று. கட்டணம் கேட்கும் நாக்கு எனக்கும் இருந்ததில்லை. உறவுக்காரர்கள் வந்தால் முக்கால் மணி நேரம் பேசிவிட்டு, காபியும் கொடுத்து, "பணமெல்லாம் எதற்கு" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவேன். மாதக் கடைசியில் வாடகைக்குக் கணவரிடம் நிற்பேன். அப்பர் தைப்பவருக்கு மௌனம் கற்றுக்கொடுத்துவிட்டு நான் இப்படி இருப்பது எனக்கே ஒருமாதிரி ஆகி, போன சித்திரையில் கட்டணப் பலகை எழுதி வரவேற்பு அறையில் மாட்டினேன். முதலில் வந்தது குடியாத்தத்திலிருந்து பெரியப்பா, லுங்கி வியாபாரம். பேசி முடித்து எழுந்தார். பலகையைப் பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. பணத்தை எண்ணி மேஜையில் வைத்துவிட்டு, "ரசீது எங்கே அம்மா?" என்றார்.

ரசீதுப் புத்தகம் இல்லை. மறுநாள் லாங்கு பஜாரில் வாங்கினேன்.