எடைக் கருவியின் முன் தலைகுனிகிறவர்

சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை இயந்திரத்தால் சுத்திகரிக்கும் டயாலிசிஸ் பிரிவில் மனநல ஆலோசகராக வேலை செய்யும் எனக்கு, அங்குள்ள கருவிகளில் பிடிக்காதது எடைக் கருவிதான். ஒவ்வொரு முறையும் சிகிச்சைக்கு முன் அதில் ஏறி நிற்க வேண்டும். போன முறைக்குப் பிறகு கூடியிருக்கும் எடை பெரும்பாலும் உடலில் தேங்கிய நீர். எவ்வளவு நீரை வெளியேற்றுவது என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். தேவையான கணக்குதான். ஆனால் எண் தெரிந்ததுமே, "இவ்வளவு தண்ணீரா குடித்தீர்கள்?" என்று குரல் எழும். 60 வயதுக்காரர் பள்ளிப் பையனைப்போலத் தலைகுனிவார். வீட்டிலும் இதே விசாரணைதான். அவர் கையிலிருக்கும் டம்ளர்மேல் எல்லோருக்கும் கண்.

மன உறுதி இல்லாததால் வருவதல்ல தாகம். உப்பு கூடினால் நாக்கு வறளும். ரத்தத்தில் சர்க்கரை ஏறினாலும் வறளும். உப்பைக் குறைக்க வழிகாட்டாமல் தண்ணீரை மட்டும் காவல் காத்து என்ன பயன்? திட்டு வாங்கியவர் குறைவாகக் குடிப்பதில்லை, மறைத்துக் குடிக்கிறார். சிலர் அந்த எடைக்குப் பயந்தே ஒரு முறை வராமல் இருந்துவிடுகிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. சிகிச்சை தவறி ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும்.

வராதவரை 'ஒத்துழைக்காதவர்' என்று குறித்து வைப்பது எளிது. நான் முதலில் சந்தேகிப்பது மனச்சோர்வை. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அது இருக்கிறது. ஆனால் எளிதில் பிடிபடாது. களைப்பு, பசியின்மை, தூக்கமின்மை எல்லாமே சிறுநீரக நோயிலும் உண்டு. "கிட்னி கெட்டால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவார்கள். சில நேரம் மருத்துவர்களும்தான்.

அதனால் உடலை விட்டுவிட்டு வேறு கேட்பேன். முன்பு ஆசையாகச் செய்ததை இப்போதும் செய்யத் தோன்றுகிறதா? வீட்டுக்குப் பாரமாகிவிட்டதாக நினைக்கிறீர்களா? செத்துப்போகலாம் என்ற எண்ணம் வருகிறதா? இப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. பலருக்கு, ஒருவராவது கேட்டாரே என்று இருக்கும். ஆம் என்றால், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். மருந்து தேவைப்பட்டால் அதன் அளவைச் சிறுநீரக மருத்துவரும் பார்த்தாக வேண்டும்.

எங்கள் பிரிவில், எடை பார்த்ததும் எழும் அந்தக் கேள்வியை மாற்றிப் பார்த்தோம். "இந்த இரண்டு நாள் தாகம் எப்படி இருந்தது?" தலைகுனிந்து நின்றவர் சற்று யோசித்துவிட்டு, "ராத்திரியில்தான் தாங்க முடியவில்லை" என்றார். இரவெல்லாம் அவர் விழித்தே கிடக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.