குடியுரிமைக்கு மனு போடுவதற்கு முன் பிறந்த தேதியைப் பாருங்கள்

கோத்தகிரிப் பக்கம் எஸ்டேட் வேலைக்குப் போகும் ஒரு பெண். 1985-ல் குன்னூரில் பிறந்தவர். பெற்றோர் அதற்கு முந்தைய வருஷம் இலங்கையிலிருந்து படகில் வந்தவர்கள். பாஸ்போர்ட் கேட்டுப் போனவரை ஓர் அலுவலகத்தில், “நீங்க அகதி, முதல்ல குடியுரிமைக்கு மனு குடுங்க” என்று திருப்பி அனுப்பினார்கள். மூன்று வருஷம் அலைந்தார். அந்த மனுவே அவருக்குத் தேவையில்லை.

இந்தியா 1951 அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை, அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. எல்லாம் குடியுரிமைச் சட்டத்தில்தான் வந்து முட்டும். அதில் 26.1.1950 முதல் 30.6.1987 வரை இங்கே பிறந்தவர் பிறப்பாலேயே இந்தியர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் சரி. 1986-ல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த பெண்ணுக்குப் பாஸ்போர்ட் தரும்படி 2022-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை சொன்னது இதை வைத்துத்தான். இந்தத் தேதிக்குள் பிறந்தவர் குடியுரிமை மனுவில் கையெழுத்துப் போட்டால், நான் வெளிநாட்டவர் என்று தானே எழுதிக் கொடுத்ததாகிவிடும். போடாதீர்கள்.

1.7.1987 முதல் 2.12.2004 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். நீலகிரியில் இப்படிப்பட்ட வீடுகள் நிறைய: அப்பா படகில் வந்தவர், அம்மா, இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பிய குடும்பம். அம்மா வழித் தாத்தாவுக்குக் கண்டியில் கொடுத்த இந்திய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் லைன் வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கும். தேடி எடுங்கள். நகல் மட்டும் கொடுங்கள். அசலைப் புரோக்கரிடம் கொடுத்து இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

3.12.2004 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்திருந்தால் கதை வேறு. ஒருவர் இந்தியராக இருந்தாலும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி என்றால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. பாஸ்போர்ட் இல்லாமல் படகேறியவரைச் சட்டம் அந்தப் பெயரால்தான் கூப்பிடுகிறது. ஆக 2003-ல் பிறந்த மூத்தவள் இந்தியர், 2005-ல் பிறந்த தம்பி இல்லை. ஒரே வீடு, ஒரே தாய். இதற்கு என்னிடம் சமாதானம் இல்லை.

2025-ல் வந்த மத்திய அரசின் விலக்கு உத்தரவைக் காட்டி, குடியுரிமை கிடைத்துவிட்டது என்று சிலர் பணம் கேட்கிறார்கள். 9.1.2015 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழருக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவுதான்.

அதிகம் பேர் மாட்டுவது பிறப்புச் சான்றிதழில். பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். அப்பா பெயர் போலீஸின் அகதிப் பதிவில் ஒரு மாதிரி, இதில் ஒரு மாதிரி இருக்கும். பள்ளி டி.சி.யில் பிறந்த ஊர் நுவரெலியா என்று வாத்தியார் எழுதியிருப்பார், அது பெற்றோரின் ஊர். பாஸ்போர்ட்டுக்குப் போகும் முன்பே திருத்துங்கள். லைன் வீட்டிலேயே பிறந்து பதிவே இல்லையென்றால் கோட்டாட்சியர் உத்தரவு வேண்டும். கோத்தகிரிக்காரர்கள் அதற்குக் குன்னூர் போக வேண்டும்.

அப்புறம், “முடியாது” என்று வாயால் சொன்னால் நகராதீர்கள். எழுதித் தரச் சொல்லுங்கள். தராவிட்டால் ஸ்பீடு போஸ்ட்டில் பதிவு செய்து மனு அனுப்பி, அது போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியைப் பத்திரப்படுத்துங்கள். கோர்ட்டுக்குப் போனால் அந்தக் காகிதம்தான் பேசும். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, ஊட்டியில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள்.