சூலூர் போர் விமான ஸ்குவாட்ரனில் யாருக்கு என்ன வேலை, அக்னிவீர்வாயு விதிகள் சொல்வது என்ன

பல்லடம், சோமனூர் பக்கத்து விசைத்தறிக் கூடங்களின் இரைச்சலையும் மீறிக் கேட்கும் ஒலி, சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பும் தேஜஸ் போர் விமானத்தினுடையது. நம் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளிடம் விமானப்படையைப் பற்றிக் கேட்டால், "பைலட் ஆகணும்" என்பார்கள் அல்லது "அது நமக்கெல்லாம் கிடைக்காது" என்பார்கள். இந்த இரண்டு பதில்களுக்கும் நடுவே பல வகையான பணியிடங்கள் இருக்கின்றன. ஒரு ஸ்குவாட்ரனில் உள்ளவர்களில் பெரும்பாலானோர் விமானம் ஓட்டுபவர்கள் அல்லர். அந்தப் பெரும்பான்மை இடங்களுக்கு ஆள் சேர்க்கும் வழி 2022 ஆம் ஆண்டிலிருந்து நான்காண்டுப் பணிக்கு ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டத்தின் அக்னிவீர்வாயு பிரிவாக மாறியிருக்கிறது.

முதலில் ஸ்குவாட்ரனைப் பார்த்துவிடலாம். இந்திய விமானப்படையில் ஒரு போர் விமான ஸ்குவாட்ரன் என்பது பொதுவாக 16 போர் விமானங்களும் 2 இரட்டை இருக்கைப் பயிற்சி விமானங்களும் கொண்ட அணி. விமானப்படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான ஸ்குவாட்ரன்கள் 42. 2025 செப்டம்பரில் மிக்-21 விமானங்கள் ஓய்வு பெற்ற பிறகு கையில் இருப்பவை 29 மட்டுமே. தேஜஸின் முதல் ஸ்குவாட்ரனான 45 ஆம் எண் அணி, 2016 ஜூலை 1 அன்று பெங்களூரில் இரண்டே விமானங்களுடன் தொடங்கப்பட்டு, 2018 இல் சூலூருக்கு வந்தது. 18 ஆம் எண் ஸ்குவாட்ரன் 2020 மே 27 அன்று சூலூரில் தேஜஸுடன் பறக்கத் தொடங்கியது. விமானப்படையில் பரம்வீர் சக்ரா பெற்ற ஒரே வீரரான நிர்மல் ஜித் சிங் செகோன் 1971 போரில் இருந்தது இந்த 18 ஆம் ஸ்குவாட்ரனில்தான்.

ஸ்குவாட்ரனுக்குத் தலைமை ஏற்பவர் விங் கமாண்டர் அல்லது குரூப் கேப்டன் தகுதியில் உள்ள கமாண்டிங் ஆபீசர். அவருக்குக் கீழே பறக்கும் பணியைப் பிரித்துப் பார்த்துக்கொள்ள ஃப்ளைட் கமாண்டர்களும், விமானங்களின் தொழில்நுட்ப நிலைக்குப் பொறுப்பேற்கப் பொறியியல் அதிகாரியும் இருப்பார்கள். விமானிகளின் எண்ணிக்கையை நாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு விமானி இருக்கைக்கு 1.25 விமானி என்பதே அனுமதிக்கப்பட்ட விகிதம் என்றும், நடைமுறையில் அது 0.81 ஆக இருந்தது என்றும் நாடாளுமன்றப் பாதுகாப்புத் துறை நிலைக்குழு முன்பு சுட்டிக்காட்டியது. அனுமதிக்கப்பட்ட அளவை முழுமையாக நிரப்பினாலும் ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தேவைப்படும் விமானிகள் இருபதுக்குச் சற்று மேல்தான். மற்றவர்கள் அனைவரும் தரையில் நிற்பவர்கள்.

அப்படித் தரையில் நிற்பவர்களின் வேலை எளிதானது என்று நினைத்துவிடக் கூடாது. விமானத்தின் உடற்பகுதி, எஞ்சின், மின்சாரம், ரேடார் உள்ளிட்ட மின்னணுக் கருவிகள், ஆயுதம், விமானியைக் காக்கும் பாதுகாப்புக் கருவிகள் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டிரேடு, அதாவது தொழிற்பிரிவு, உண்டு. ஒவ்வொரு பறப்புக்கும் முன்பு அந்தந்த டிரேடுக்காரர் தன் பகுதியைச் சோதித்து, ஃபார்ம் 700 எனப்படும் பதிவேட்டில் கையெழுத்திடுவார். விமானி அதைப் படித்துப் பார்த்துத் தானும் கையெழுத்திட்ட பிறகே விமானம் அவர் பொறுப்புக்கு வருகிறது. சிவப்புப் பட்டை தொங்கும் பாதுகாப்பு ஊசிகளை விமானத்திலிருந்து கழற்றி, அவற்றை எண்ணி, விமானியின் கண்ணுக்குத் தெரியுமாறு உயர்த்திக் காட்டுவதும் தரைக்குழுவின் வேலை. அன்றாடச் சோதனையும் சிறு பழுதுகளும் ஸ்குவாட்ரனிலேயே முடிந்துவிடும். பெரிய பழுதுகளுக்கு விமானங்கள் பழுதுபார்ப்புத் தளங்களுக்குப் போகும். அத்தகைய 5 ஆம் எண் பேஸ் ரிப்பேர் டிப்போவும் சூலூரில்தான் இருக்கிறது. பம்புசெட் கம்பெனிகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் போகலாம் என்று டிப்ளமோ படிக்கும் கோவைப் பிள்ளைகளுக்கு இந்த வேலையின் தன்மை புதிதாக இருக்காது என்பதால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

இந்த இடங்களுக்கு முன்பு ஏர்மேன் (அதிகாரி நிலைக்குக் கீழான விமானப்படை வீரர்) தேர்வு மூலம் ஆள் எடுத்தார்கள். தொடக்கப் பணிக்காலமே 20 ஆண்டுகள், ஓய்வூதியமும் உண்டு. 2022 ஜூன் 14 அன்று அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் அதை நான்கு ஆண்டுகளாகக் குறைத்தது. பதினேழரை வயது முதல் 21 வயது வரை உள்ள, திருமணமாகாத ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம். நான்காண்டு முடியும்வரை திருமணம் செய்துகொள்ளக் கூடாது. 18 வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் கையெழுத்து வேண்டும்.

கல்வித் தகுதியில் ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருக்கின்றன. கணிதம், இயற்பியல், ஆங்கிலம் ஆகியவற்றுடன் பன்னிரண்டாம் வகுப்பில் மொத்தம் 50 சதவீதமும், ஆங்கிலத்தில் தனியாக 50 சதவீதமும் பெற்றிருப்பது ஒரு வழி. மெக்கானிக்கல், எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், ஆட்டோமொபைல், கம்ப்யூட்டர் போன்ற பிரிவுகளில் மூன்றாண்டு டிப்ளமோவில் 50 சதவீதம் பெற்றிருப்பது இன்னொரு வழி. டிப்ளமோவில் ஆங்கிலம் ஒரு பாடமாக இல்லையென்றால் பத்தாம் வகுப்பு அல்லது பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணை எடுத்துக்கொள்வார்கள். காமர்ஸ், ஆர்ட்ஸ் குரூப் படித்தவர்களும் அதே 50 சதவீத நிபந்தனையுடன் அறிவியல் அல்லாத பிரிவில் எழுதலாம். "ஃபர்ஸ்ட் குரூப் எடுத்தால்தான் ஏர்ஃபோர்ஸ்" என்பது இந்தப் பணிக்குப் பொருந்தாது.

தேர்வு கணினி வழியில் நடக்கும். அறிவியல் பிரிவுக்கு 60 நிமிடம், மற்றப் பிரிவுக்கு 45 நிமிடம், இரண்டையும் சேர்த்து எழுதுவோருக்கு 85 நிமிடம். தவறான விடை ஒவ்வொன்றுக்கும் கால் மதிப்பெண் கழியும். வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும் என்பதால், தமிழ்வழியில் படித்த அரசுப் பள்ளி மாணவர்கள் இயற்பியல், கணிதத்தின் ஆங்கிலக் கலைச்சொற்களை முன்கூட்டியே பழகிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாடம் தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண்ணை இழப்பது நியாயமற்ற இழப்பு. இப்போதைய ஏற்பாட்டில் அதை ஈடுசெய்யும் வேலை மாணவர் தலையில்தான் விழுகிறது. எழுத்துத் தேர்வுக்குப் பின் உடற்திறன் தேர்வு உண்டு, அதில் 1.6 கிலோமீட்டர் ஓட்டத்தை ஆண்கள் 7 நிமிடத்திலும் பெண்கள் 8 நிமிடத்திலும் முடிக்க வேண்டும். அதன்பின், விமானப்படைச் சூழலுக்கு ஒத்துப்போவாரா என்று பார்க்கும் தகவமைப்புத் தேர்வும் மருத்துவப் பரிசோதனையும் நடக்கும். தேர்வானவர்கள் கர்நாடகத்தின் பெலகாவியில் உள்ள ஏர்மேன் பயிற்சிப் பள்ளிக்குச் செல்வார்கள். டிரேடையும் பணியிடத்தையும் விமானப்படையே முடிவு செய்யும். சூலூர்க்காரர் என்பதற்காகச் சூலூரிலேயே போடுவார்கள் என்று யாரும் உறுதியளிக்க முடியாது. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவர் ஏமாற்றுக்காரர்.

வீட்டில் பெரியவர்கள் முதலில் கேட்பது சம்பளத்தை. மாதச் சம்பளம் முதலாண்டில் 30,000 ரூபாய், இரண்டாமாண்டில் 33,000, மூன்றாமாண்டில் 36,500, நான்காமாண்டில் 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதி என்னும் தொகுப்பு நிதிக்குப் பிடித்துக்கொள்ளப்படும் என்பதால் கைக்கு வருவது முறையே 21,000, 23,100, 25,550, 28,000 ரூபாய். இடர்ப்படி, சீருடைப்படி, பயணப்படி போன்றவை தனி. நான்காண்டில் பிடிக்கப்படும் 5.02 லட்சத்துக்கு இணையாக அரசும் அதே தொகையைச் செலுத்துகிறது; ஆக 10.04 லட்சமும் அதற்கான வட்டியும் பணிக்கால முடிவில் வருமான வரி இல்லாமல் கிடைக்கும். ஏலச்சீட்டைத் தள்ளி எடுப்பதுபோல இந்தத் தொகையை நடுவில் எடுத்துச் செலவு செய்ய முடியாது. சொந்த விருப்பத்தின் பேரில் இடையில் விலக வேண்டுமானால், விதிவிலக்கான சூழலில், உரிய அதிகாரி அனுமதித்தால் மட்டுமே முடியும். அப்போது தன் பங்கும் வட்டியும் கிடைக்குமே தவிர, அரசின் பங்கு கிடைக்காது.

பணிக்காலத்தில் 48 லட்சம் ரூபாய் ஆயுள் காப்பீடு உண்டு. அதற்கு வீரர் எதுவும் கட்ட வேண்டியதில்லை. பணியின் காரணமாக இறப்பு நேர்ந்தால் கூடுதலாக 44 லட்சம் கருணைத்தொகையும், பணியால் உடற்குறைபாடு ஏற்பட்டால் அதன் அளவைப் பொறுத்து 44, 25 அல்லது 15 லட்சமும் வழங்கப்படும். ஆண்டு விடுப்பு 30 நாட்கள். பணியில் இருக்கும்வரை ராணுவ மருத்துவமனையும் கேண்டீனும் பயன்படுத்தலாம்.

நான்காண்டு முடிந்த பின் என்ன என்பதை, சேர்வதற்கு முன்பே குடும்பத்தோடு உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். ஒரே சமயத்தில் சேர்ந்த ஒவ்வொரு பேட்சிலும் அதிகபட்சம் 25 சதவீதத்தினரே நிரந்தரப் பணிக்கு எடுக்கப்படுவர். அதை உரிமையாகக் கோர முடியாது. அப்படி எடுக்கப்படுவோருக்குச் சேவா நிதியில் தம் பங்கும் வட்டியும் மட்டும் தரப்பட்டு, வழக்கமான ஏர்மேன் பணி விதிகள் பொருந்தத் தொடங்கும். வெளியே வருவோருக்கு ஓய்வூதியம், பணிக்கொடை, முன்னாள் படைவீரர் தகுதி, அவர்களுக்கான மருத்துவத் திட்டம் எதுவும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளிலும் அசாம் ரைஃபிள்ஸிலும் 10 சதவீத இடஒதுக்கீடும் வயது வரம்புத் தளர்வும் 2022 இல் அறிவிக்கப்பட்டன. 2022 டிசம்பரில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் பேட்சின் நான்காண்டு 2026 இறுதியில் முடிவதால், இந்த ஒதுக்கீடு நடைமுறையில் எத்தனை பேருக்கு வேலையாக மாறுகிறது என்பது அந்த பேட்சை வைத்துத்தான் தெரியவரும்.

விமானியாகவே ஆக வேண்டும் என்பவருக்கு இது வழியன்று. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்து என்.டி.ஏ. (தேசியப் பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம், பட்டம் முடித்தவர்கள் சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு), ஏ.எஃப்.கேட் (விமானப்படைப் பொதுச் சேர்க்கைத் தேர்வு) ஆகிய தேர்வுகளையோ, என்.சி.சி. விமானப் பிரிவின் சி சான்றிதழையோ கொண்டு முயலலாம். உடுமலைக்கு அருகே அமராவதி நகரில் 1962 முதல் இயங்கிவரும் சைனிக் பள்ளி, ஆறாம் வகுப்பிலும் ஒன்பதாம் வகுப்பிலும் அகில இந்திய நுழைவுத்தேர்வு மூலம் மாணவர்களைச் சேர்த்து, என்.டி.ஏ.வை நோக்கித் தயார்செய்கிறது. வாரிசை அதிகாரியாகப் பார்க்க விரும்பும் பெற்றோர் ஐந்தாம் வகுப்பிலேயே விசாரிக்கத் தொடங்குவது நல்லது.

அக்னிவீர்வாயுவுக்கு விண்ணப்பிப்போர் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே பெயரையும் பிறந்த தேதியையும் நிரப்ப வேண்டும். நம் ஊரில் மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். அறிவிப்பு வந்த பிறகு இ-சேவை மையத்துக்கு ஓடினால் விண்ணப்பக் காலம் முடிவதற்குள் திருத்தம் கைக்கு வராமல் போகக்கூடும். ஆகவே பதினொன்றாம் வகுப்பு கோடை விடுமுறையிலேயே இரண்டு ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து ஆதாரைத் திருத்தி வைத்துக்கொள்ள வேண்டும்.