செங்கல் சுவருக்குள் சப்வூஃபர்

செட்டிநாட்டு வீட்டில் கேம் விளையாட சப்வூஃபரோடு, அதாவது தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள தனிப் பெட்டியோடு, ஸ்பீக்கர் வாங்கப் போகிறீர்களா? கடைக்குக் கிளம்பும் முன் டேப்பை எடுத்து அறையை அளந்துவிடுங்கள். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேண்டும். அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வாட் கணக்கைவிட இந்த மூன்று எண்களுக்குத்தான் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி மேல் அதிகாரம் அதிகம்.

காரைக்குடி வெயிலில், 32 டிகிரியில், ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் ஓடும். அதை அதிர்வெண்ணால், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு (ஹெர்ட்ஸ்) என்ற எண்ணால், வகுத்தால் அலையின் நீளம் கிடைக்கும். 40 ஹெர்ட்ஸ் என்றால் 8.75 மீட்டர், அதாவது 28 அடிக்கும் மேல். வளவை (வீட்டின் நடு முற்றத்தை) சுற்றியுள்ள அறைகளில் ஒன்று 12க்கு 10 அடி என்று வைத்துக்கொள்வோம். இவ்வளவு நீளமான அலைக்கு அதற்குள் இடமே இல்லை. போன வேகத்தில் எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பி, பின்னால் வருகிற தன் மிச்சத்தோடு கலக்கும். சுவருக்குச் சுவர் உள்ள தூரம் அலை நீளத்தில் சரிபாதியாக இருந்துவிட்டால், போவதும் வருவதும் ஒன்றையொன்று தூக்கிவிட்டு அந்த ஒரு சுதி மட்டும் அறையில் நின்று முழங்கும். 12 அடிக்கு அது 48 ஹெர்ட்ஸ், 10 அடிக்கு 57. உத்தரம் 14 அடி உயரத்தில் இருந்தால் 41. இவற்றின் இரட்டிப்புகளிலும் இதே கதைதான். நீள அகல உயரம் மூன்றும் ஒரே அளவாக அமைந்த அறை கேமருக்கு வாய்த்த சாபம்; மூன்று முழக்கமும் ஒரே சுதியில் வந்து குவியும்.

இந்த முழக்கம் அறை முழுக்க ஒரே மாதிரி இருக்காது. முதல் முழக்கத்தில் காற்றழுத்தம் சுவரோரம் உச்சத்தில் இருக்கும், நட்ட நடுவில் கிட்டத்தட்ட இல்லாமலே போகும். அதனால்தான் நாற்காலியை அறை மையத்தில் போட்டு உட்கார்ந்தவன் "பேஸே இல்லை" என்பான். சுவரில் சாய்ந்து நிற்பவன் காதைப் பொத்துவான். ஸ்பீக்கர் ஒன்றுதான்.

இணையத்தில் நாம் பார்க்கும் சப்வூஃபர் விமர்சனங்களில் பல அமெரிக்கர்கள் செய்தவை. அங்கே பல வீடுகளின் உள்சுவர் மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்தது. தாழ்ந்த ஒலி பட்டால் பலகை தானும் லேசாக அசைந்து கொஞ்சத்தைத் தின்றுவிடும், கொஞ்சம் வெளியே கசியும். நம் ஊர் பழைய வீட்டின் செங்கல், சுண்ணாம்புச் சுவர் அசைந்து கொடுக்காது. பேஸ் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். "10 அங்குலத்துக்குக் குறைந்து வாங்காதீர்கள்" என்று (ஸ்பீக்கர் வட்டத்தின் குறுக்களவு அது) அவர்கள் சொல்வதைக் கேட்டு கதவடைத்த நம் அறையில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தால் தலைவலிதான் மிச்சம். வளவுப் பக்கக் கதவைத் திறந்து வைத்தால் கதை மாறும். வளவின் மேலே திறந்த வானம். அங்கே போன பேஸ் திரும்பி வராது. இரண்டு கட்டு தள்ளி ஹாலில் விளையாடுகிறவருக்குப் பெரிய பெட்டி தேவைப்படலாம். உள்ளறையில் விளையாடுகிறவருக்கு 5 அல்லது 6.5 அங்குலம் தாராளம்.

சரி, தனிப் பெட்டியே எதற்கு? ஸ்பீக்கரின் கோன், அதாவது முன்னால் தெரியும் கூம்பு, காற்றைத் தள்ளித்தான் ஒலி எழுப்புகிறது. அதிர்வெண் பாதியாகக் குறைந்தால், அதே சத்தத்துக்குக் கோன் நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 200 ஹெர்ட்ஸிலிருந்து 50க்கு இறங்கினால் பதினாறு மடங்கு. மேஜை மேல் வைக்கும் இரண்டரை அங்குல ஸ்பீக்கரால் அவ்வளவு தூரம் போய்வர முடியாது, கரகரக்கும். ஆறரை அங்குலக் கோனின் பரப்பு அதைப்போல ஏறக்குறைய ஏழு மடங்கு. அதனால் குறைவாக அசைந்தே வேலையை முடித்துவிடும்.

நம் காதும் பேஸ் விஷயத்தில் கஞ்சம். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபலுக்குக் கேட்கும் அதே சத்தம் 50 ஹெர்ட்ஸில் கேட்க வேண்டுமென்றால் 78 டெசிபல் அளவுக்குக் கொடுக்க வேண்டும். 1933இல் பிளெட்சரும் மன்சனும் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் காதின் இந்தப் போக்கை வரைபடமாக்கினார்கள். ராத்திரி வீட்டில் எல்லோரும் தூங்கியபின் வால்யூமைக் குறைத்ததும் வெடிச் சத்தமெல்லாம் சப்பென்று போவது இதனால்தான். செட் பழுதாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

பெட்டிக்கு வருவோம். சப்வூஃபரில் ஒரு ஓட்டையும் அதற்குள் குழாயும் இருக்கும், போர்ட் என்பார்கள். மானாமதுரைக் கடத்தை மடியில் வைத்து வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். வாய்ப்பக்கம் உள்ளங்கையால் தட்டினால் உள்ளிருக்கும் காற்று "கும்" என்று அதிரும். வாயை வயிற்றோடு அழுத்தி இடைவெளியைக் குறுக்கினால் அந்தக் கும்காரம் இன்னும் கீழே இறங்கும். உள்ளே அடைபட்ட காற்று சுருள்வில், கழுத்தில் நிற்கும் காற்று எடை. இரண்டும் சேர்ந்து ஆடும் சுதி ஒன்றுதான். ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மன் விஞ்ஞானி 19ஆம் நூற்றாண்டில் கணக்குப் போட்டு வைத்த சங்கதி இது. பெல் ஆய்வகத்தின் துராஸ் 1930இல் இதையே ஸ்பீக்கர் பெட்டியில் புகுத்திக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். கோனின் பின்பக்கம் வீணாகும் ஒலியை எடுத்து, குழாய் வழியாக ஒரு குறிப்பிட்ட சுதியில் முன்னால் அனுப்புவதுதான் வேலை.

சிக்கல் எங்கே என்றால், விலை குறைந்த சிறிய பெட்டியில் அந்தச் சுதியை 30 ஹெர்ட்ஸுக்கெல்லாம் இறக்க முடியாது. பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், ஆழமான பேஸும் வேண்டும், குறைந்த மின்சாரத்தில் பெரிய சத்தமும் வேண்டும் என்றால் மூன்றில் இரண்டுதான் கிடைக்கும். கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹாஃப்மன் பெயரால் இதை இரும்பு விதி என்றே அழைக்கிறார்கள். ஆகவே சின்னப் பெட்டியைச் செய்கிறவர்கள் போர்ட்டை 55, 60 ஹெர்ட்ஸ் பக்கம் நிறுத்திவிடுவார்கள். பேருந்து ஓடினாலும் குண்டு வெடித்தாலும் இடி இடித்தாலும் அதே "தும் தும்". அந்தச் சுதியும் உங்கள் 10 அடிச் சுவரின் 57 ஹெர்ட்ஸும் கைகோத்துவிட்டால் கேட்கவே வேண்டாம். முடிந்தால் ஓட்டையில்லாத மூடிய பெட்டியாகப் பாருங்கள். ஆழம் கொஞ்சம் குறைந்தாலும் தட்டியவுடன் அடங்கும். பல்லி போய்க் குடியிருக்கவும் வழியில்லை.

இரண்டு காதுக்கு ஒரே சப்வூஃபர் போதுமா என்ற கேள்வி அடிக்கடி வரும். போதும். 12 அடி அறையைக் கடக்க ஒலிக்குப் பத்து மில்லிநொடிக்குச் சற்று மேல் ஆகும். 50 ஹெர்ட்ஸ் அலை ஒரு சுற்று முடிக்க இருபது மில்லிநொடி. ஒரு சுற்று முடிகிற நேரத்துக்கெல்லாம் அது சுவரில் பட்டுக் கிட்டத்தட்டத் திரும்பியே வந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று காது எப்படிக் கண்டுபிடிக்கும்? ஆனால் இந்தச் சலுகை சுமார் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரைதான். டி.எச்.எக்ஸ். என்ற நிறுவனம் வகுத்த ஹோம் தியேட்டர் தரம் சப்வூஃபருக்கும் மற்ற ஸ்பீக்கர்களுக்கும் இடையிலான எல்லையை, அதாவது கிராஸ்ஓவரை, 80இல் வைத்திருக்கிறது. மேஜை மேல் நிற்கும் சாட்டிலைட் என்னும் துணை ஸ்பீக்கர் மிகச் சிறியதாக இருந்தால் எல்லையை 150க்கோ 200க்கோ ஏற்ற வேண்டிவரும். ஆண் குரலின் அடிநாதம் சுமார் 85இலிருந்து 180 வரை. அப்படியானால் கேமில் பேசும் ஆளின் நெஞ்சுக்குரல் மேஜைக்கடியிலிருந்தும் உதட்டொலி மேஜை மேலிருந்தும் வரும். கடையில் சோதிக்கும்போது குத்துப்பாட்டு போடச் சொல்லாதீர்கள். ஆண் ஒருவர் செய்தி வாசிப்பதைப் போடச் சொல்லுங்கள். குரல் தரையிலிருந்து எழுந்தால் அந்த செட் வேண்டாம். என்னைக் கேட்டால், கட்டைவிரல் பருமன் சாட்டிலைட்டோடு பெரிய சப்வூஃபர் வருவதைவிட, மூன்று அங்குலத்துக்குக் குறையாத சாட்டிலைட்டோடு நடுத்தர சப்வூஃபர் வருவதே மேல்.

தேவகோட்டையில் தங்கச்சி வீட்டில் அவள் மகன் ஒரு ஆறரை அங்குல செட் வாங்கி, சப்வூஃபரை மேஜைக்கடியில் சுவரோடு ஒட்டி வைத்திருந்தான். பக்கத்தில் பர்மாத் தேக்கு அலமாரி, கண்ணாடிக் கதவு, உள்ளே மங்குச் சாமான்கள். கேமில் கையெறி குண்டு வெடிக்கும்போதெல்லாம் அலமாரி சிலுசிலுவென்று கூடவே பாடும். அவன் அப்பத்தா ஒரு தடவை எட்டிப் பார்த்து, "ஏண்டா, அலமாரிக்குள்ள எலி பூந்திருச்சா?" என்றார். போனில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றை ஸ்பீக்கரோடு இணைத்து 30 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏற்றிக்கொண்டே போனோம். எழுபதைத் தொட்டதும் கண்ணாடி சத்தம் கொடுத்தது. கையை வைத்து அழுத்தினால் நின்றது. கண்ணாடி பொருந்தியிருந்த பள்ளத்தில் வெல்வெட் துணியைக் கிழித்துச் செருகியதும் அந்தக் கச்சேரி முடிந்தது.

பெட்டிக்கு இடம் பார்ப்பதுதான் அடுத்த வேலை. அதற்கு ஒரு தலைகீழ் வித்தை உண்டு. விளையாடுகிறவர் உட்காரும் நாற்காலி மேல் சப்வூஃபரை ஏற்றி வைத்து, பேஸ் உள்ள ஏதாவது ஒன்றைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். பையன் ஆத்தங்குடித் தரைக்கல்லில் முழங்காலிட்டு ஊர்ந்தான். மூலையில் கும்மென்று ஒரே இரைச்சல். சுவரின் நடுவில், "மாமா, இங்க ஒண்ணுமே கேக்கல!" மூலையிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் எல்லாச் சுதியும் ஒழுங்காகக் கேட்டது. அங்கே பெட்டியை இறக்கிவிட்டு அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்தால் அதே ஒழுங்கு நாற்காலியிலும் கேட்கும். பேசுகிறவரும் கேட்கிறவரும் இடம் மாற்றிக்கொண்டாலும் நடுவில் உள்ள பாதை ஒன்றுதான் என்பது இயற்பியல். மூலையில் வைத்தால் சத்தம் கூடுவது உண்மை. பக்கத்தில் வரும் ஒவ்வொரு சுவரும் அதிகபட்சம் 6 டெசிபல் வரை கூட்டும். ஆனால் எல்லா முழக்கத்தையும் ஒருசேரக் கிளப்பிவிடும் இடமும் மூலைதான்.

விளையாட்டில் ஜெயிக்க சப்வூஃபர் உதவுமா? உதவாது, கெடுக்கவும் செய்யலாம். பப்ஜியிலோ வாலரண்டிலோ எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காட்டிக்கொடுக்கும் காலடிச் சத்தத்தின் கூர்மை, பெரும்பாலும் ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கும் சரக்கு. தாழ்ந்த ஒலி பலமாக இருந்தால் அதற்கு மேலுள்ள மெல்லிய ஒலிகளைக் காது தவறவிடும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை அந்த அளவுக்கு மறைக்காது. ஆகவே பேஸுக்கென்று தனித் திருகு, அதுவும் கைக்கெட்டும் இடத்தில், இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியின் முதுகில் திருகை ஒளித்து வைத்திருக்கும் செட்டை நான் வாங்க மாட்டேன். பந்தயமாக விளையாடுகிறவர்கள் ஹெட்போனை மாட்டிக்கொள்வதே நல்லது. கதை கேம், கார் ரேஸ் ஆடும்போது சப்வூஃபரை உறும விடலாம்.

வாட் கணக்கில் ஏமாற வேண்டாம். பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பது எந்தத் தரநிலைக்கும் உட்படாத எண். ஆர்.எம்.எஸ். என்று, அதாவது தொடர்ந்து கொடுக்கக்கூடிய வாட் என்று, போட்டிருப்பதைப் பாருங்கள். அதிலும் சந்தேகமிருந்தால் பெட்டியைத் திருப்பி, மின்சாரம் நுழையும் இடத்திலுள்ள சீட்டைப் படியுங்கள். 230 வோல்ட், 60 வாட் என்றிருந்தால் அது தொடர்ந்து 60 வாட்டுக்கு மேல் கக்க வழியே இல்லை. 40 வாட் செட்டுக்குப் பதிலாக 80 வாட் வாங்கினால் கிடைக்கும் லாபம் 3 டெசிபல்தான். இரண்டு மடங்கு சத்தம் என்று காது ஒப்புக்கொள்ள 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்.

ஆத்தங்குடிக் கல்லும் கண்ணாடிபோல் இழைத்த சுண்ணாம்புச் சுவரும் உயர்ந்த ஒலியை அப்படியே திருப்பி அடிக்கும். கைதட்டிப் பாருங்கள், கிணுகிணுவென்று வால் நீளும். தடித்த திரை, தரையில் ஜமுக்காளம், சுவரோரம் ஓர் இலவம்பஞ்சு மெத்தை போதும், காலடிச் சத்தம் தெளியும். இவற்றால் பேஸ் அடங்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 40 ஹெர்ட்ஸைப் பஞ்சால் முழுதாக உறிஞ்ச ஏழடிப் பருமன் வேண்டும். முட்டை அட்டை ஒட்டுவது வெறும் வேலைக்கேடு. வெள்ளைக்கரு கலந்து பூசிய நம் சுவர்கள் பூசும்போதே வேண்டிய முட்டையைச் சாப்பிட்டாயிற்று.

புளூடூத் இருக்கிறதே என்று அதில் விளையாட வேண்டாம். பாட்டுக்குச் சரி. சாதாரண புளூடூத் இணைப்பில் ஒலி நூறு மில்லிநொடிக்கு மேல் பிந்தும். சுட்ட பிறகு துப்பாக்கி வெடிக்கும். வயர்தான்.

கடைசியாக, பழைய வீட்டு வயரிங். கேமை நிறுத்திய பிறகும் சப்வூஃபர் "ம்ம்ம்" என்று முனகினால் அது நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸும் அதன் இரட்டிப்பான 100ம். சாட்டிலைட்டில் கேட்டிருக்காது, சப்வூஃபர் வந்ததும் வெளிப்படும். கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக்கில் இருந்து எர்த் இரண்டு வழியாகச் சுற்றி வருவது ஒரு காரணம். இரண்டையும் ஒரே போர்டில் சொருகினால் பெரும்பாலும் நிற்கும். எர்த்தே இல்லாமலிருப்பது இன்னொன்று. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுரீரென்றால் சந்தேகமே வேண்டாம். மூன்றாவது பின்னை வெட்டிவிட்டால் முனகல் நிற்கும் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். நிற்கலாம், ஆனால் மின்கசிவு வரும் நாளில் அது உங்கள் உடம்பு வழியாகத்தான் போகும். அந்த அறைக்கு முதலில் எர்த் இழுக்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் அப்புறம் வாங்கலாம்.