வி.எல்.சி.யில் திறந்த வீடியோ திடீரென்று வேறெதிலோ திறக்கிறதா?

"நேத்து வரைக்கும் டபுள் கிளிக் பண்ணினா வி.எல்.சி.யில ஓடிச்சு. இன்னைக்கு வேற என்னமோ திறக்குது. வைரஸ் வந்துடுச்சா சார்?"

வீட்டுக் கணினிகளைப் பார்த்துக் கொடுக்கும் வேலையில் இந்தக் கேள்வி வராத மாதம் கிடையாது. பெரும்பாலும் வைரஸ் எதுவும் வந்திருக்காது. ஆனால் இதைச் சரிசெய்யப் போய் எதையோ டவுன்லோடு செய்து, இல்லாத வைரஸைத் தேடிப்போய் ஏற்றிக்கொண்டவர்கள் நிறையப் பேர். இத்தனைக்கும் வி.எல்.சி. மாதிரி வீடியோ ஓட்டும் பழைய பிளேயரைத் திரும்பக் கொண்டுவர எந்த மென்பொருளும் தேவையில்லை. வேண்டியதெல்லாம் கணினிக்குள்ளேயே இருக்கிறது.

நீங்கள் ஒரு கோப்பை டபுள் கிளிக் செய்யும்போது விண்டோஸ் அதற்குள் இருப்பது படமா பாட்டா என்று திறந்து பார்ப்பதில்லை. பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பிறகு வரும் எழுத்துகளை மட்டும் பார்க்கும். எம்பி4 என்று இருந்தால் எம்பி4-க்கு யார் பொறுப்பு என்று ரெஜிஸ்ட்ரி என்ற தன் உள்பதிவேட்டில் தேடி, அந்த நிரலிடம் கோப்பை ஒப்படைத்துவிடும். இப்படிப் பொறுப்பில் இருக்கும் நிரலைத்தான் "டீஃபால்ட்" என்பார்கள். எம்கேவி-க்குத் தனிக் குறிப்பு, ஏவிஐ-க்குத் தனி, எம்பி3-க்குத் தனி. அதனால்தான் ஒரு படம் பழையபடி வி.எல்.சி.யிலும் பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று வேறு பிளேயரிலும் திறக்கும். இன்னொன்று, இந்தக் குறிப்பு ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனியாக இருக்கும். அப்பா கணக்கில் சரிசெய்தால் பிள்ளையின் கணக்கில் தானாகச் சரியாகாது.

சரி, யார் மாற்றினார்கள்? புதிதாக ஒரு பிளேயரையோ வீடியோ எடிட்டரையோ போட்டிருப்பீர்கள். இன்ஸ்டால் ஆகும்போது வரும் பெட்டிகளில் "நெக்ஸ்ட், நெக்ஸ்ட்" என்று தட்டிக்கொண்டே போயிருப்பீர்கள். அல்லது விண்டோஸின் பெரிய அப்டேட் ஒன்று வந்திருக்கும். பழைய பிளேயரை நீக்கிவிட்டு மறுபடி போட்டாலும் இப்படி ஆகலாம். வீட்டில் வேறு யாராவது ஒருநாள் "எதில் திறக்கட்டும்?" என்ற கேள்விக்கு அவசரத்தில் எதையோ அமுக்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இது பெரிய அடிதடியாக இருந்தது. ஒவ்வொரு பிளேயரும் திறக்கும்போதெல்லாம் எல்லாக் கோப்புகளையும் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும். அடுத்ததைத் திறந்தால் அது பிடுங்கிக்கொள்ளும். 2012-இல் வந்த விண்டோஸ் 8-இல் இருந்து இதற்கு ஒரு பூட்டு போட்டார்கள். பயனர் தேர்ந்தெடுத்த பிளேயரின் பெயரோடு ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்து பதிவாகும். வேறு நிரல் ஏதாவது பின்வாசல் வழியாகப் பெயரை மாற்றி எழுதினால் அந்தக் குறி பொருந்தாது. உடனே விண்டோஸ் அந்தப் பதிவை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த பிளேயரை உட்கார வைத்துவிடும். விண்டோஸ் 10-இல் "ஒரு ஆப் டீஃபால்ட் ரீசெட் செய்யப்பட்டது" என்கிற மாதிரி மூலையில் ஓர் அறிவிப்பு எட்டிப்பார்க்குமே, அது இதுதான். ஆகவே "ஒரே கிளிக்கில் டீஃபால்ட் பிளேயரை மாற்றித் தருகிறோம்" என்று சொல்லும் கருவிகளும், இணையத்தில் கிடைக்கும் ரெஜிஸ்ட்ரிக் கோப்புகளும் பல நேரம் நேர் எதிரான பலனைத் தரும். நீங்கள் வி.எல்.சி. வேண்டும் என்று ஓட்டுவீர்கள், கிடைப்பது விண்டோஸின் பிளேயர்.

கையால் செய்வது இரண்டு நிமிட வேலை. திறக்க வேண்டிய வீடியோ மேல் ரைட் கிளிக். "ஓப்பன் வித்", அதில் "சூஸ் அனதர் ஆப்". பட்டியலில் உங்கள் பிளேயரை ஒருமுறை மட்டும் கிளிக் செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் கீழே "ஆல்வேஸ்", "ஜஸ்ட் ஒன்ஸ்" என்று இரண்டு பொத்தான்கள் இருக்கும். நம்மவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பிளேயரைப் பார்த்த சந்தோஷத்தில் "ஜஸ்ட் ஒன்ஸ்" தட்டிவிடுவார்கள், படம் ஓடும், பிரச்சினை தீர்ந்தது என்று நினைப்பார்கள், மறுநாள் பழைய கதை. தட்ட வேண்டியது "ஆல்வேஸ்". விண்டோஸ் 10-இல் பொத்தானுக்குப் பதில், பட்டியலின் அடியில் "எப்போதும் இதையே பயன்படுத்து" என்கிற பொருளில் சின்னதாக ஒரு டிக் பெட்டி இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு ஓகே கொடுங்கள்.

பட்டியலில் உங்கள் பிளேயர் இல்லையென்றால் இன்னும் கீழே இறங்கி, கணினியிலேயே தேடிக்கொள்ளும் வாய்ப்பைத் தேர்ந்தெடுங்கள். சி டிரைவ், புரோகிராம் ஃபைல்ஸ், வீடியோலேன், வி.எல்.சி. என்று உள்ளே போனால் வி.எல்.சி.யின் சின்னமான ஆரஞ்சுக் கூம்பு போட்ட கோப்பு இருக்கும். அந்தக் கூம்பே இல்லையென்றால் பிளேயர் கணினியை விட்டே போய்விட்டது என்று அர்த்தம், மறுபடி இன்ஸ்டால் செய்ய வேண்டும்.

பல வகைக் கோப்புகளை ஒரே இடத்தில் உட்கார்ந்து மாற்ற வேண்டுமானால் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் என்று போய் பிளேயரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். அது திறக்கக்கூடிய கோப்பு வகைகள் எல்லாம் வரிசையாக வரும். நீண்ட பட்டியல். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். எம்பி4, எம்கேவி, ஏவிஐ, எம்ஓவி, வெப்எம், பாட்டுக்கு எம்பி3, எம்4ஏ, ஃபிளாக். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே அதிகம். டிஎஸ் என்று ஒன்று இருக்கும். டிவி ஒளிபரப்பைப் பதிவுசெய்த கோப்புகளுக்கு அந்த முடிவு வரும். டைப்ஸ்கிரிப்ட் மொழியில் எழுதும் நிரல் கோப்புகளுக்கும் அதே டிஎஸ்தான். வீட்டில் கல்லூரிப் பிள்ளை கோடிங் படிக்கிறது என்றால், நீங்கள் எல்லாவற்றையும் வி.எல்.சி.க்கு எழுதிவைத்த பிறகு அது தன் புராஜெக்ட் கோப்பைக் கிளிக் செய்யும்போது கூம்பு வந்து நிற்கும்.

அதே பக்கத்தில் "ரீசெட்" என்று ஒரு பொத்தானும் உண்டு. இதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ரீசெட் என்றால் "நான் முன்பு வைத்திருந்தபடி" என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அது அப்படி இல்லை. மைக்ரோசாஃப்ட் பரிந்துரைக்கும் நிரல்களுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடும் பொத்தான் அது. பிளேயரைத் திரும்பப் பெறப் போனவர் பிரவுசரையும் பிடிஎஃப் ரீடரையும் சேர்த்து இழந்துவிட்டு வருவார். உங்கள் விருப்பம் என்னவாக இருந்தது என்ற நினைவு விண்டோஸிடம் இல்லை. நீங்கள்தான் மறுபடி சொல்ல வேண்டும்.

வி.எல்.சி. வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு குழப்பம். மைக்ரோசாஃப்ட் ஸ்டோருக்கென்றே தனியாகச் செய்த வி.எல்.சி. ஆப் வேறு, வி.எல்.சி.யைப் பார்த்துக்கொள்ளும் வீடியோலேன் அமைப்பின் தளத்தில் இருந்து இறக்கும் வழக்கமான வி.எல்.சி. வேறு. இரண்டும் ஒரே கணினியில் இருந்தால் பட்டியலில் இரண்டு கூம்புகள் தெரியும். தோற்றமும் வசதிகளும் மாறும் என்பதால் "வி.எல்.சி.தான், ஆனா முன்ன மாதிரி இல்ல" என்று புகார் வரும். ஒன்றை நீக்கிவிடுவது நல்லது.

ஒரு பெரியவர் பல வருடங்களாகச் சேர்த்த கச்சேரிப் பதிவுகள் வைத்திருந்தார். எம்பி3-ஐ மாற்றிக் கொடுத்தாகிவிட்டது. ஆனாலும் நாலு பாட்டுக்கு ஒரு பாட்டு வேறு பிளேயரில் திறக்கிறது என்றார். ஃபோல்டரைப் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்தன. காரணம், விண்டோஸ் வழக்கமாகப் புள்ளிக்குப் பின்னால் இருக்கும் எழுத்துகளை மறைத்துவிடும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் "வியூ", "ஷோ", "ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்" என்று டிக் போட்டதும் விஷயம் வெளியே வந்தது: மொபைலில் இருந்து வந்தவை எல்லாம் எம்4ஏ. அதையும் ஒருமுறை மாற்றியதும் முடிந்தது. பெயரில் இருக்கும் எம்4ஏ-வை அழித்துவிட்டு எம்பி3 என்று எழுதினால் போதாதா என்று கேட்டார். கூடாது. உள்ளே இருப்பது மாறாது, பெயர் மட்டும் பொய்யாகிவிடும்.

அந்த டிக்கை எல்லோரும் நிரந்தரமாகவே போட்டு வையுங்கள், பிளேயர் பிரச்சினை இல்லாவிட்டாலும். எழுத்துகள் மறைந்திருக்கும் கணினியில் "படம்.எம்பி4.இஎக்ஸ்இ" என்ற கோப்பு "படம்.எம்பி4" என்றுதான் தெரியும். இஎக்ஸ்இ என்றால் அது வீடியோ இல்லை, ஓடக்கூடிய நிரல். அதற்குக் கூம்பு ஐகானையும் ஒட்டிவிட்டால் யாருக்கும் சந்தேகம் வராது. இதில் கவனிக்க ஒரு நல்ல அடையாளம் உண்டு. உண்மையான வீடியோவின் ஐகான், டீஃபால்ட் பிளேயரைப் பொறுத்து மாறும். இஎக்ஸ்இ தன் ஐகானைத் தனக்குள்ளேயே சுமந்துகொண்டிருக்கும். பிளேயர் மாறிப்போய் எம்பி4 எல்லாம் புது ஐகானுக்கு வந்துவிட்ட ஃபோல்டரில் ஒன்று மட்டும் பழைய கூம்போடு இருந்தால், அது எந்த வகை என்று பார்க்காமல் அதைத் தொடாதீர்கள்.

டீஃபால்ட் பிரச்சினை என்று நினைத்து வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையில் வேறு பிரச்சினை. சத்தம் வருகிறது, படம் கறுப்பு. அல்லது "கோடெக் வேண்டும்" என்று செய்தி வருகிறது. கோடெக் என்பது சுருக்கி வைத்த படத்தையும் சத்தத்தையும் விரித்துக் கொடுக்கும் சின்ன நிரல். எம்பி4 என்பது வெறும் உறை. உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பது தனி. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்இவிசி என்ற முறையில் வீடியோ எடுக்கின்றன. மற்ற பல போன்களிலும் இந்த வசதி உண்டு. விண்டோஸின் சொந்த பிளேயர் அதைப் படிக்கப் பல கணினிகளில் தனி எக்ஸ்டென்ஷன் (கூடுதல் இணைப்பு) கேட்கும். வி.எல்.சி. போன்ற பிளேயர்கள் தேவையானவற்றை உள்ளேயே வைத்திருப்பதால் அவற்றில் சும்மா ஓடும். எங்கோ ஒரு வலைப்பக்கம் "இந்த வீடியோவைப் பார்க்க இந்தக் கோடெக்கை இறக்குங்கள்" என்று சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். 2005 வாக்கில் தலைகாட்டிய ஸ்லாப் என்ற டிரோஜன் (நல்ல நிரல் போல நடிக்கும் தீய நிரல்) இதே வேடத்தில்தான் ஊர் ஊராகப் பரவியது. இன்றும் அந்த வேடத்துக்கு மவுசு குறையவில்லை.

பிளேயரை மறுபடி இறக்க வேண்டி வந்தால், தேடலில் முதலில் வருவதைக் கிளிக் செய்யும் பழக்கம் இங்கே ஆபத்து. முதலில் வருவது பல நேரம் விளம்பரம். வி.எல்.சி. என்பது 1996-இல் பாரிஸில் பொறியியல் மாணவர்கள் தொடங்கிய வேலையில் இருந்து வளர்ந்தது. 2001-இல் இருந்து கட்டற்ற மென்பொருள். இப்போது பார்த்துக்கொள்வது வீடியோலேன் என்ற லாப நோக்கற்ற அமைப்பு. காசும் கிடையாது, உள்ளே விளம்பரமும் கிடையாது. ஆகவே கார்டு எண் கேட்கும் "வி.எல்.சி. புரோ", கூடவே டூல்பாரைத் திணிக்கும் இன்ஸ்டாலர், இரண்டும் போலி. வீடியோலேன் டாட் ஓஆர்ஜி என்ற முகவரியை நீங்களே டைப் செய்து போங்கள்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு இவ்வளவு அலைச்சல் இல்லை. கோப்பைத் தேர்ந்தெடுத்து கமாண்ட்-ஐ அழுத்தி, "ஓப்பன் வித்" பகுதியில் பிளேயரை மாற்றி, அப்புறம் "சேஞ்ச் ஆல்" கொடுக்க வேண்டும். இந்தக் கடைசிப் பொத்தானை விட்டால் அந்த ஒரு கோப்புக்கு மட்டும்தான் மாறும். லினக்ஸில் ரைட் கிளிக், "ஓப்பன் வித்" என்று போனாலே பெரும்பாலான டெஸ்க்டாப்களில் வேலை முடியும்.

பிளேயர் பழையபடி வந்த பிறகு இன்னும் ஒரு வேலை பாக்கி. செட்டிங்ஸில் இன்ஸ்டால் ஆன ஆப்களின் பட்டியலைத் தேதி வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள். டீஃபால்ட் மாறிய அதே நாளில் என்னென்ன வந்து உட்கார்ந்திருக்கின்றன? நீங்கள் கேட்காத "டிரைவர் அப்டேட்டர்", "பிசி கிளீனர்", பெயரே புரியாத ஏதாவது இருந்தால் நீக்கிவிடுங்கள். பிரவுசரின் முகப்புப் பக்கமோ தேடுபொறியோ கூடவே மாறியிருந்தால் விஷயம் பிளேயரோடு நிற்கவில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் "ஃபுல் ஸ்கேன்" ஒன்று ஓட்டுங்கள், பிரவுசரில் தெரியாத எக்ஸ்டென்ஷன்களைக் கழற்றுங்கள். அந்தக் கணினியில் வங்கிக் கணக்கோ மெயிலோ திறந்திருந்தால், ஸ்கேன் முடியும்வரை காத்திருக்காமல் வேறொரு சாதனத்தில் இருந்து பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள்.