மூளைக்கட்டி மாத்திரையில் சுருங்குமா?

"கல்யாணமாகாத என் தங்கைக்குச் சில மாதங்களாக மாதவிலக்கு இல்லை, மார்பில் பால் கசிகிறது. ஸ்கேனில் 7 மில்லிமீட்டர் கட்டி இருக்கிறதாம். அறுவை சிகிச்சை வேண்டாம், வாரம் இரண்டு முறை மாத்திரை போதும் என்கிறார் டாக்டர். நம்பலாமா?" என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். உறவினர்கள் தாயத்துக் கட்டிவிட்டதையும், அந்தப் பெண்ணைப் பற்றி ஜாடையாகப் பேசுவதையும் எழுதியிருக்கிறார்.

தாராளமாக நம்பலாம். ஜாடை பேசுகிறவர்களைத்தான் நம்பக்கூடாது.

கட்டி இருப்பது மூளைக்குள் அல்ல, அதற்கு அடியில் எலும்புக் குழியொன்றில் பதிந்திருக்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பியில். சுரப்பியின் எடையே ஏறத்தாழ அரை கிராம்தான். இதில் வரும் கட்டிகளில் புற்றுநோய் மிக மிக அரிது. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை ஆகியவற்றை இது ஆட்டுவிப்பதும், இதை மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ் ஆட்டுவிப்பதும் பள்ளியில் படித்ததுதான். இரண்டையும் இணைக்கும் மெல்லிய காம்பிலுள்ள நுண்ணிய இரத்தக்குழாய்கள் வழியாக உத்தரவுகள் இறங்குகின்றன.

அந்த உத்தரவுகளில் பெரும்பாலானவை 'சுரந்திடு' என்பவை. பாலூறச் செய்யும் புரோலாக்டின் ஹார்மோனுக்கு மட்டும் 'சுரக்காதே' என்ற உத்தரவு ஓயாமல் வந்துகொண்டே இருக்கிறது. அதைக் கொண்டுவருவது டோபமின் என்ற வேதிப்பொருள். கடிவாளம் தளர்ந்தால் போதும், புரோலாக்டின் தானாகப் பெருகும்; பால் கசியும், மாதவிலக்கு நிற்கும்.

இதை அழகாகக் காட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் ஜான் எவரெட். 1954இல் அவர் எலியின் பிட்யூட்டரியை எடுத்து, அதே எலியின் சிறுநீரக உறைக்கு அடியில் ஒட்டவைத்தார். மூளையின் உத்தரவு எட்டாத இடம் அது. மற்ற ஹார்மோன்கள் சரிந்தன. புரோலாக்டின் மட்டும் தொடர்ந்து சுரந்தது. இப்படியொரு ஆய்வுக்கு இன்று நிதி கேட்டுப் பாருங்கள், "இதனால் நாட்டுக்கு என்ன பயன்?" என்று கேட்டே விண்ணப்பத்தை ஓரங்கட்டிவிடுவார்கள். வாசகியின் தங்கைக்கு இன்று கத்தி வேண்டாம் என்று டாக்டர் சொல்ல முடிவது இத்தகைய 'பயனற்ற' ஆய்வுகளால்தான்.

ஏனெனில் இந்தப் பெண்ணுக்கு வந்திருப்பது போன்ற, புரோலாக்டின் சுரக்கும் கட்டியின் செல்களிலும் டோபமின் வந்து பொருந்தும் ஏற்பிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. டோபமின் போலவே அவற்றில் பொருந்தும் மருந்து காபர்கோலின்; டாக்டர் சொல்லும் மாத்திரை பெரும்பாலும் இதுதான். அது பொருந்தியதும் செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி குறைகிறது. புரோலாக்டின் மரபணு அடங்குகிறது. ஹார்மோன் உற்பத்திக்காகப் பருத்திருந்த செல், வேலை போனதும் வற்றிச் சிறுக்கிறது. ஆயிரக்கணக்கில் செல்கள் இப்படிச் சிறுத்தால் கட்டியே சுருங்கத்தானே வேண்டும்!

இந்த வகை மருந்துகளின் மூதாதை, ரை தானியத்தைத் தாக்கும் எர்கட் பூஞ்சை. நம் கம்பங்கதிரில் தேன் ஒழுகல் நோயை உண்டாக்குவது அதன் பங்காளி. உழவர்கள் விதையை உப்புக் கரைசலில் கொட்டி, மிதப்பதை அரித்து எறிவது அந்தப் பூஞ்சைக்குப் பயந்துதான்.

புரோலாக்டின் கூடிவிட்டாலே கட்டி என்று முடிவு கட்டக்கூடாது. கர்ப்பம், தைராய்டு குறைவு ஆகியவற்றிலும் கூடும். வாந்திக்குச் சர்வசாதாரணமாக விழுங்கும் டோம்பெரிடோன், மனநோய்க்கான சில மருந்துகள் ஆகியவை டோபமினைத் தடுப்பதால் பால் கசியச் செய்யும். அதற்காக மனநல மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. ஆண்களுக்கும் இக்கட்டி வரும். ஆசை குறைவதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கட்டி வளர்ந்து பார்வை நரம்பை அழுத்தி, பக்கவாட்டில் வரும் வண்டி தெரியாமல் போன பிறகே பலர் வருகிறார்கள்.

பெரிய கட்டிகளில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. புரோலாக்டினே சுரக்காத கட்டிகூடக் காம்பை நசுக்கினால் டோபமின் இறங்காது. புரோலாக்டின் ஓரளவு ஏறும், பொதுவாக மில்லிலிட்டருக்கு 100 நானோகிராமைத் தாண்டாது. மாத்திரை அந்த எண்ணை இறக்கும், கட்டியைத் தொடாது. இதற்கு நேர்மாறாக, ஹார்மோன் வெள்ளமாய்ப் பெருகியிருந்தால் பரிசோதனை முறையே திணறி, குறைந்த எண்ணைக் காட்டிவிடும். ஆகவே பெரிய கட்டியும் சிறிய எண்ணும் சேர்ந்து வந்தால், இரத்த மாதிரியை நூறு மடங்கு நீர்க்கச் செய்து மீண்டும் அளக்கச் சொல்வார்கள்.