வின்டரைஸ்: தெளிப்பானை மழைக்கு ஏறக்கட்டுதல்

தோட்டத் தெளிப்பான் கையேடுகளில் ‘வின்டரைஸ்’ என்று ஒரு சொல் வரும். புதுச்சேரியிலும் கடலூரிலும் வீட்டுப் புல்தரைக்கு ஸ்பிரிங்க்ளர் போட்டவர்கள் அதைக் ‘குளிர்காலப் பராமரிப்பு’ என்று படித்துவிட்டு, நமக்கு ஏது குளிர் என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள். அந்தப் பக்கத்தில் நமக்கும் வேலை இருக்கிறது. சொல்லை ஊருக்குத் தக்கபடி பெயர்க்காததால் அது கண்ணில் படாமல் போகிறது.

முதலில் பொருள். நீர் உறையும்போது அதன் பருமன் ஏறக்குறைய 9 சதவீதம் கூடும். குழாயில் தங்கிய நீர் பனிக்கட்டியானால் குழாயும் வால்வும் வெடித்துவிடும். ஆகவே கடுங்குளிர் நாடுகளில் கம்ப்ரெசரால் காற்றடித்துக் குழாயைக் காலிசெய்கிறார்கள். எப்போதாவது ஓரிரவு உறைபனி விழும் மிதமான இடங்களில் அவ்வளவு தேவைப்படாது. தண்ணீரை அடைத்து, தாழ்வான முனையில் வடியவிட்டு, வெளியே தெரியும் குழாய்க்கு நுரை உறை சுற்றினால் போதும். நம் கடற்கரையிலோ தை மாத விடியற்காலையிலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கும். உறைவதற்கு வழியே இல்லை.

இனி வேர். ‘வின்டர்’ என்றதும் நாம் குளிரை நினைக்கிறோம். ஆனால் அது ஈரத்தைக் குறித்த பழைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பது சொற்பிறப்பு அறிஞர்கள் பலர் சொல்லும் கருத்து. அப்படியானால் ஈரத்தைக் குறிக்கும் ‘வெட்’, நீரைக் குறிக்கும் ‘வாட்டர்’ இரண்டும் அதற்கு உறவு. வின்டர் என்பது ‘நனைகிற காலம்’. அதன் வாலில் ‘ஆக்கு’ என்று பொருள்தரும் விகுதியை ஒட்டி வின்டரைஸ் என்ற வினையை உண்டாக்கியது 20ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஆங்கிலம்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சாட்சி பிரெஞ்சில் இருக்கிறது. குளிர்காலத்துக்கு அங்கே ‘இவேர்’ என்று பெயர். அதில் பிறந்த ‘இவெர்னாஜ்’ என்ற சொல், கெட்ட பருவத்தில் கப்பல்கள் துறைமுகத்தில் ஒதுங்கிக் கிடப்பதைக் குறித்தது. வெப்பநாடுகளில் அதே சொல் மழைக்காலத்துக்குப் பெயரானது. இன்று நீச்சல்குளத்தையும் தோட்டக் குழாயையும் பருவத்துக்கு மூடிவைப்பதற்கும் அதைத்தான் சொல்கிறார்கள். இயற்கைத் துறைமுகம் இல்லாத சோழமண்டலக் கரையில், ஐப்பசிப் புயலுக்கு முன் போர்க்கப்பல்கள் விலகிப் போவது அக்கால வழக்கம். 1746 அக்டோபரில் விலகாமல் சென்னைக்கு எதிரே நின்ற பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லா பூர்தொனேயின் கப்பல்கள் புயலில் சிக்கிச் சிதறின. இந்தக் கரையில் ‘வின்டர்’ என்றால் மழையும் புயலும்தான்.

தமிழுக்கு வருவோம். ஸ்பிரிங்க்ளருக்குத் ‘தெளிப்பான்’ நன்றாக ஊன்றிவிட்டது; வாசல் தெளிக்கிற மொழிக்கு அது அந்நியமாகத் தோன்றவே இல்லை. வயலில் வைக்கும் ரெயின்கன்னுக்கு மழைத்தூவான், டிரிப்புக்குச் சொட்டுநீர் என்று தனித்தனிப் பெயர்களும் உண்டு. வின்டரைஸுக்குத்தான் திண்டாட்டம். ‘குளிர்காலமாக்கல்’ சொல்லுக்குச் சொல் வைத்தது, யார் வாயிலும் நுழையாது. ‘குளிர்காப்பு’ ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் பொருந்தும், நமக்குப் பொருந்தாது. ஐப்பசி கார்த்திகையைக் கூதிர் என்றது பழந்தமிழ். மழையும் குளிரும் சேர்ந்த அந்தச் சொல் வின்டரின் பழம்பொருளுக்கு மிக அருகில் நிற்கிறது. ஆனால் பிளம்பரிடம் ‘கூதிர்காப்பு’ என்றால் விழிப்பார். கடையை ஏறக்கட்டினான் என்று நாம் அன்றாடம் சொல்லும் ‘ஏறக்கட்டு’ போதும் என்பது என் தீர்ப்பு. இப்போதைக்கு வேலை முடிந்தது, துடைத்து எடுத்து வை என்பது அதிலேயே அடங்கிவிடுகிறது. ‘ஸ்பிரிங்க்ளரை மழைக்கு ஏறக்கட்டணும்’ என்று சொல்லிப் பாருங்கள், எவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

ஏறக்கட்டுவதில் என்னென்ன அடங்கும்? புரட்டாசிக் கடைசியில் டைமரை நிறுத்துவது முதல் வேலை. கொட்டுகிற மழையிலும் காலை ஆறு மணிக்குப் புல்தரைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கும் வீடுகள் எத்தனையோ. டைமரின் பேட்டரியையும் கழற்றிவிடுங்கள். ஈரக்காற்றில் அது கசிந்து உள்ளே இருக்கும் தகட்டை அரித்துவிடும்.

அடுத்து, நீர் பீய்ச்சும் முனையான நாசில். கடலோர ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு அதிகம். ஒன்றைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால், துளையைச் சுற்றிச் சுண்ணாம்பு அப்பியதுபோல வெள்ளை வளையம் தெரியும். ஊசியால் குத்தாதீர்கள். துளை அகன்றால் நீர் விழும் வட்டமே கோணலாகிவிடும். வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஓரிரவு ஊறப்போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்தால் உதிர்ந்துவிடும். ஃபில்டர் வலையையும் அப்படியே.

தரைக்குள் புதைத்த வால்வுப் பெட்டியை மறப்பவர்கள்தான் அதிகம். மூடியைத் திறந்தால் எறும்புப் புற்று, சருகு, சில சமயம் ஒரு தவளை. மழைநீர் அதில் தேங்கினால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. சுத்தம் செய்து, அடியில் ஜல்லி போட்டு, நீர் கீழே இறங்க வழி செய்யுங்கள்.

புயலையும் கணக்கில் வைக்க வேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தபோது சாய்ந்த மரங்களுக்குக் கணக்கில்லை. நிமிர்ந்து நிற்கும் குழாய்களைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டால் தென்னை மட்டை விழுந்து முறியாது. திறந்த வாயை மூடியால் இறுக்குவது முக்கியம். 2024 நவம்பர் 30இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படித் தண்ணீர் ஏறினால் சேறு நேரே குழாய்க்குள் போகும். தாழ்வான இடத்தில் மோட்டார் இருந்தால் மேடைகட்டி உயர்த்துங்கள், மெயின் இணைப்பையும் துண்டித்துவிடுங்கள்.

பொங்கல் கழிந்து, மண்ணில் விரலை விட்டால் இரண்டாம் கணு வரை ஈரம் இல்லையென்றால் தெளிப்பானை மறுபடி மாட்டலாம். நாசிலை மாட்டுமுன் கடைசி மூடியைத் திறந்து, கலங்கல் நீர் முழுதும் வெளியேறும்வரை ஓடவிடுங்கள்.